உலோகத் தகட்டில் அருவ ஓவியம்: நகலின் இலக்கணம்

புதிதாகக் கட்டப்படும் இல்லங்களின் கூடங்களிலும் அலுவலக வரவேற்பறைகளிலும் ஒருவகைச் சுவர் அலங்காரத்தை இன்று காண்கிறோம். அதில் சட்டமில்லை, கண்ணாடியில்லை, துணியுமில்லை. மெல்லிய அலுமினியத் தகட்டின் மீது ஓவியம் நேரடியாக அச்சிடப்பட்டிருக்கிறது. சுவரிலிருந்து விரற்கடை அளவு விலகி நிற்குமாறு அதனை மாட்டுகிறார்கள். தகட்டின் மேற்பரப்பில் மயிரிழை போன்ற நுண்கோடுகள் ஒரே திசையில் ஓடுகின்றன. விளக்கொளி படும்போது அக்கோடுகள் மின்னுகின்றன. வண்ண வட்டங்கள், சதுரங்கள், கறுப்புக் கோட்டுக் கட்டங்கள், நிறத் தீற்றல்கள் ஆகியவையே பெரும்பாலும் அவற்றில் அச்சிடப்படுகின்றன.

உயிரினங்களின் உருவப் படங்களைச் சுவரில் மாட்டத் தயங்கும் ஒரு முஸ்லிம் குடும்பத்துக்கு இத்தகைய தகடுகள் மிக உகந்தவையாகத் தோன்றக்கூடும். உருவம் இல்லை, ஆகவே கேள்வியும் இல்லை என்று கருதி வாங்கி மாட்டிவிடலாம். ஆயினும் உருவம் இல்லை என்ற ஒரு காரணம் மட்டும் போதுமா? அந்தத் தகடு எதன் நகல்? மூல ஓவியத்திலிருந்து அது எதை எடுத்து வந்திருக்கிறது, எதை விட்டு வந்திருக்கிறது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லும் பொருளும்

அருவ ஓவியம் என்று தமிழில் நாம் வழங்குவதை அரபியர் 'அல்ஃபன்னுத் தஜ்ரீதி' என்பர். 'தஜ்ரீத்' என்பதற்குக் களைதல், உரித்தல், மேலே போர்த்தியிருப்பதை நீக்குதல் என்று பொருள். இச்சொல்லின் உறவுச் சொல் ஒன்று மத்ரஸா மாணவர் அனைவருக்கும் தெரிந்ததே. ஸர்ஃபுப் பாடத்தின் தொடக்கத்திலேயே வினைச்சொற்களை 'முஜர்ரத்' என்றும் 'மஸீத்' என்றும் பிரித்துக் கற்பிக்கிறோம். 'கதப' (எழுதினான்) என்பது மூன்று மூல எழுத்துகளால் மட்டும் ஆனது, அது முஜர்ரத். அதனோடு எழுத்துகள் சேர்ந்து 'இஸ்தக்தப' (எழுதுமாறு வேண்டினான்) என்றாகும்போது அது மஸீத். மிகையானவற்றைக் களைந்த பின் எஞ்சும் மூலமே முஜர்ரத். அது வெறுமையன்று, பிற வடிவங்கள் அனைத்தும் கிளைக்கும் வேர் அதுவே.

அருவ ஓவியத்தையும் இவ்வாறே நோக்குதல் தகும். மரம், வீடு, மனிதன் என்னும் அடையாளங்களை நீக்கிவிட்டால் ஓர் ஓவியத்தில் எஞ்சுவன கோடு, நிறம், அளவு, இடைவெளி, பரப்பு ஆகியவையே. உருவ ஓவியத்தில் இவை கருவிகள். அருவ ஓவியத்திலோ இவையே பொருள். ஒரு மன்னரின் உருவப்படத்தை மங்கலான தாளில் அச்சிட்டாலும் இவர் இன்னார் என்று அறிந்துகொள்ளலாம். செய்தி ஓரளவேனும் வந்து சேர்ந்துவிடுகிறது. அருவ ஓவியத்தில் நிறமும் பரப்பும் மாறினால் வந்து சேர வேண்டியதே மாறிவிடுகிறது. எனவே, எளிதில் நகலெடுக்கத் தக்கதாகத் தோன்றும் இவ்வகை ஓவியமே நகலில் மிகுதியாக இழப்பது. இந்த உண்மையை உலோகத் தகடு நன்கு புலப்படுத்துகிறது.

தகட்டில் ஓவியம் ஏறும் முறை

கடைக்காரர்கள் 'பிரஷ்டு மெட்டல்' என்றும் 'ஹேர்லைன் ஃபினிஷ்' என்றும் குறிப்பிடும் இப்பரப்பு இயல்பாக அமைவதன்று. உப்புத்தாள் போன்ற சொரசொரப்பான பட்டையையோ கம்பித் தூரிகையையோ ஒரே திசையில் ஓட்டி, உலோகத்தின் மீது நுண்கீறல்களை உண்டாக்குகிறார்கள். வழவழப்பான உலோகம் கண்ணாடியைப் போல ஒளியைத் திருப்பும். கீறல் விழுந்த உலோகமோ ஒளியைக் கீறலுக்குக் குறுக்கான திசையில் நீட்டிப் பரப்பும். கோடுகள் கிடையாக ஓடினால் விளக்கின் பிரதிபலிப்பு செங்குத்தான ஒளிப்பட்டையாகத் தெரியும். தகட்டைத் திருப்பி மாட்டினால் பட்டையும் திரும்பும். பார்ப்பவர் நடந்தால் அதுவும் உடன் நகரும்.

தகடு முழுவதும் அலுமினியமாக இருக்க வேண்டியதில்லை. இருபுறமும் மெல்லிய அலுமினியத் தகடும் நடுவே பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கும் வைத்து ஒட்டிய பலகை பெரிதும் பயன்படுகிறது. கட்டடங்களின் முகப்பில் ஒட்டும் ஏசிபி ஷீட்டின் இனத்தைச் சேர்ந்தது அது. 3 மில்லிமீட்டர் கனமுள்ள பலகையில் மேலும் கீழும் உள்ள அலுமினியம் ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டரே. சதுர மீட்டருக்குச் சுமார் 4 கிலோ எடை கொண்ட இப்பலகை வளையாமல் நிற்கும், சுவருக்கும் சுமையாகாது.

அச்சிடுவதில் இரு முறைகள் உள்ளன. முதல் முறையில் நுண்துளிகளாகத் தெளிக்கப்படும் மை, புற ஊதா ஒளியால் உடனே இறுகித் தகட்டின் மேல் படிகிறது. இரண்டாம் முறையில் ஓவியத்தை முதலில் ஒரு தாளில் கண்ணாடிப் பிம்பம்போல் அச்சிடுகிறார்கள். பாலியெஸ்டர் பூச்சுள்ள தகட்டின் மேல் அத்தாளை வைத்து, ஏறத்தாழ 200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அழுத்துகிறார்கள். சாயம் ஆவியாகிப் பூச்சினுள் புகுந்து தங்கிவிடுகிறது.

இரு முறைகளிலும் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. அச்சகத்தின் வண்ண மைகள் பெரும்பாலும் ஒளி ஊடுருவும் தன்மையுடையவை. வெள்ளைத் தாளில் அச்சிடும்போது, ஒளி மையினுள் புகுந்து தாளின் வெண்மையில் பட்டுத் திரும்புவதால் நிறம் தெரிகிறது. ஓவியத்தில் வெள்ளையாக உள்ள இடங்களில் மையே விழுவதில்லை. தாளின் வெண்மையே அங்கு வெள்ளையாகிறது. அதே மை கோடிட்ட அலுமினியத்தில் விழும்போது, பின்னாலிருந்து திரும்பும் ஒளி உலோகத்தின் ஒளியாகும். மஞ்சள் பொன்னிறம் கொள்கிறது. நீலம் வண்ணம் பூசிய வண்டியின் உடலைப்போல் மினுங்குகிறது. வெள்ளை இருந்த இடமோ சாம்பல் கலந்த வெள்ளி நிறமாகிவிடுகிறது. இதனைத் தவிர்க்க, முதலில் வெள்ளை மையை அடிப்பூச்சாக இட்டு அதன்மேல் வண்ணம் அச்சிடும் வசதியும் உண்டு. எந்த இடத்தில் அடிப்பூச்சு, எந்த இடத்தில் வெற்று உலோகம் என்று அச்சகத்தார் தீர்மானிக்கிறார். ஓவியர் எடுக்க வேண்டிய முடிவொன்றை இங்கு அச்சகத்தாரே எடுத்துவிடுகிறார் என்பது நினைவில் இருக்கட்டும்.

வெண்மையின் கதி

இதன் விளைவை அறிய, இத்தகடுகளில் அடிக்கடி அச்சாகும் ஓவியர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நெதர்லாந்தைச் சேர்ந்த பியட் மோண்ட்ரியன் (1872-1944) கறுப்புக் கோட்டுக் கட்டங்களில் சிவப்பு, நீலம், மஞ்சள் ஆகிய நிறங்களை மட்டும் இட்டு வரைந்தவர். சூரிச் நகரின் கலைக்கூடத்தில் உள்ள அவருடைய 1930ஆம் ஆண்டு ஓவியம் பலரும் அறிந்தது. பெரிய சிவப்புச் சதுரமும் மூலைகளில் சிறு நீலமும் மஞ்சளும் கொண்ட அந்த மூலம் ஏறத்தாழ 46 சென்டிமீட்டர் சதுரமே.

இவ்வோவியங்களைச் சிவப்பு, நீலம், மஞ்சள் ஓவியங்கள் என்று நாம் அழைத்தாலும் அவற்றில் மிகுதியான இடம் வெண்மைக்கே உரியது. மோண்ட்ரியனின் வெள்ளை வண்ணம் பூசாமல் விட்ட இடமன்று. பலமுறை பூசிப் பூசி, கட்டத்துக்குக் கட்டம் சற்றே சாயல் மாறுமாறு அமைத்த வெள்ளை அது. தூரிகை ஓடிய திசைகூட இடத்துக்கு இடம் மாறுபடுவதை மூலத்தின் அருகே நின்றால் காணலாம். அவருடைய ஓவியங்கள் சிலவற்றில் கறுப்புக் கோடு துணியின் விளிம்பைத் தொடாமல் சற்று முன்பே நின்றுவிடும். நின்ற இடமும் எண்ணிப் பார்த்து அமைத்ததே.

கோடிட்ட உலோகத்தில் அடிப்பூச்சின்றி இதனை அச்சிட்டால் நிகழ்வது என்ன? வெள்ளைகள் அனைத்தும் ஒரே வெள்ளி நிறமாகின்றன. ஓவியரின் தூரிகைத் திசைகள் மறைந்து, பட்டறைப் பட்டை ஓடிய ஒரே திசை அவ்விடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அசையாமல் நிற்குமாறு ஓவியர் நிறுத்திய பரப்பு, பார்ப்பவர் நகரும்தோறும் மின்னி அசைகிறது. அழகில்லை என்று சொல்வதற்கில்லை. அது அவருடைய ஓவியம் என்று சொல்வதற்குத்தான் தயக்கம் எழுகிறது.

இன்னும் தெளிவான சான்று ரஷ்ய ஓவியர் கஸிமிர் மலேவிச் 1918இல் வரைந்த வெள்ளைமேல் வெள்ளை ஓவியம். நியூயார்க் நவீனக் கலைக்கூடத்தில் உள்ள அதில், வெண்பரப்பின் மேல் சாய்ந்த வெண்சதுரம் ஒன்று மட்டுமே உள்ளது. ஒரு வெள்ளை சற்றே குளிர்ந்த சாயலுடையது, மற்றொன்று சற்றே வெம்மையான சாயலுடையது என்னும் நுண்ணிய வேறுபாடே அங்கு ஓவியம். அடிப்பூச்சற்ற உலோகத்தில் அதனை அச்சிட முயன்றால் கிடைப்பது ஏறக்குறைய வெற்றுத் தகடே.

அளவும் கோடும்

நகலில் மாறும் மற்றொன்று அளவு. வாசிலி காந்தின்ஸ்கி (1866-1944) 1913இல் வரைந்த, சதுரங்களுக்குள் ஒன்றனுள் ஒன்றாக அமைந்த வண்ண வட்டங்களைக் கொண்ட படம் உலகெங்கும் தட்டுகளிலும் பைகளிலும் சுவர்ப் படங்களிலும் காணப்படுவது. மியூனிக் நகரின் லென்பாக்ஹவுஸ் கலைக்கூடத்தில் உள்ள அதன் மூலம், ஏறத்தாழ 24 சென்டிமீட்டர் உயரமும் 31.5 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஒரு தாள். எந்த நிறத்துக்கு அருகில் எந்த நிறம் எவ்வாறு தோன்றுகிறது என்று ஓவியர் தமக்காகச் செய்து பார்த்த வண்ணச் சோதனை அது. சுவரில் மாட்டுவதற்கென முடித்த ஓவியமாக அவர் அதனைக் கருதவில்லை. மாறாக, அதே ஆண்டில் அவர் முடித்ததும் மாஸ்கோவின் திரெத்தியாகோவ் கலைக்கூடத்தில் உள்ளதுமான ஏழாம் 'கம்போசிஷன்' 2 மீட்டர் உயரமும் 3 மீட்டர் அகலமும் உடையது. குறிப்பேட்டுத் தாள் ஒரு கூடத்தின் சுவர் அளவுக்குப் பெருக்கப்படுகிறது. சுவரளவான ஓவியம் சோபாவின் மேற்புறத்துக்கு ஏற்பச் சுருக்கப்படுகிறது. இரண்டும் ஒரே கடையில், ஒரே அளவில், அடுத்தடுத்துத் தொங்குகின்றன.

கோடு பற்றியும் ஒன்று கூறலாம். நஸ்ரீன் முஹம்மதி (1937-1990) கராச்சியில் பிறந்து, மும்பையில் வளர்ந்து, 1972 முதல் பரோடாவில் ஆசிரியப் பணி செய்த ஓவியர். தாளில் பென்சிலாலும் மையாலும் மயிரிழைக் கோடுகளை இணையாக, படிப்படியாக நெருங்கியும் விலகியும் செல்லுமாறு இட்டவர். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலைக்கூடம் 2016 மார்ச்சில் தன் புதிய கிளையை அவருடைய படைப்புகளின் கண்காட்சியோடு திறந்தது. அவருடைய கோடுகளுக்கு உயிர் தருவது, அவற்றைச் சூழ்ந்துள்ள தாளின் அமைதி. ஏற்கெனவே ஆயிரக்கணக்கான கீறல்கள் ஓடும் தகட்டின் மேல் அக்கோடுகளை அச்சிடுவது, பலர் உரக்கப் பேசும் அவையில் ஒருவர் மெல்லிய குரலில் ஓதுவதைப் போன்றது. ஓதுபவரின் குரலில் குறையில்லை, அவை பொருந்தவில்லை.

உலோகத்துக்குப் பொருந்திய வடிவங்கள்

அவ்வாறாயின் உருவமற்ற வடிவத்துக்கு உலோகமே பொருந்தாது என்று கொள்ளலாமா? வரலாறு அவ்வாறு கூறவில்லை.

ஹிஜ்ரி 629இல், அதாவது கி.பி. 1232இல், மோஸுல் நகரில் ஷுஜாஃ இப்னு மன்ஆ என்னும் கைவினைஞர் செய்த பித்தளைக் கூஜா லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. பித்தளையில் பள்ளம் வெட்டி, அதில் வெள்ளியையும் செம்பையும் தட்டிப் பதித்து, அவற்றின்மேல் மீண்டும் நுண்வேலை செய்வது அவர்களின் முறை. அக்கூஜாவில் மனித உருவங்களும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவ்வுருவங்களைச் சூழ்ந்து பரப்பு முழுவதையும் நிரப்புவன பின்னல் வடிவங்களே. தங்க, வெள்ளிப் பாத்திரங்களில் பருகுவதை நபி (ஸல்) அவர்கள் விலக்கியது பித்தளையில் வெள்ளி பதிக்கும் கலை செழித்ததற்கு ஒரு காரணம் என்பர் சிலர். வெள்ளியின் அருமையே காரணம் என்போரும் உளர்.

கெய்ரோவில் சுல்தான் ஹஸன் மத்ரஸாவுக்காக 14ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்டு, பின்னர் சுல்தான் அல்முஅய்யத் ஷைக் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தம் பள்ளிவாசலுக்கு எடுத்துச் சென்ற பெருங்கதவுகள் மற்றொரு சான்று. மரத்தின் மேல் வெண்கலம் போர்த்திய அக்கதவுகளில் நட்சத்திரப் பின்னல் விரிகிறது. நம் தக்காணத்தின் பீதர் நகரிலோ துத்தநாகமும் செம்பும் கலந்த உலோகத்தில் வெள்ளியைப் பதித்து, கோட்டை மண்ணைக் கொண்டு உலோகத்தைக் கறுக்கச் செய்கிறார்கள். மண் வெள்ளியைத் தொடுவதில்லை; கறுத்த தளத்தில் வெள்ளி வடிவம் மட்டும் ஒளிர்ந்து நிற்கும். பித்ரி எனப்படும் அக்கலைக்கு 2006இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இவையெல்லாம் உலோகத்தில் சிறந்து நிற்பதன் காரணம் என்ன? இவற்றில் ஒளி ஓவியத்துக்கு இடையூறாக வருவதில்லை. எந்த இடம் ஒளிர வேண்டும், எந்த இடம் இருள வேண்டும் என்று கைவினைஞர் முன்கூட்டியே வகுத்திருக்கிறார்.

இதற்கும் ஆழமான காரணம் ஒன்று உண்டு. இஸ்தான்புல் தொப்காப்பி அரண்மனை நூலகத்தில் ஏறத்தாழ 30 மீட்டர் நீளமுள்ள சுருள் ஒன்று உள்ளது. அதில் 114 வடிவங்கள் வரையப்பட்டுள்ளன. 15ஆம் அல்லது 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அச்சுருள், கட்டடக் கலைஞர்களுக்கான வடிவத் தொகுதி. அளவுகோலாலும் கவராயத்தாலும் அமைந்த அவ்வடிவங்களைச் செங்கல்லிலும் ஓட்டிலும் பிறவற்றிலும் கொணரலாம். அதாவது, அங்குத் தாளில் இருப்பது முடிந்த படைப்பன்று, ஒரு விதி. ஸர்ஃபு மொழியில் சொல்வதானால், அது முஜர்ரத். செங்கல்லில் அது ஒரு மஸீதாகிறது, மரத்தில் மற்றொரு மஸீத், உலோகத்தில் வேறொரு மஸீத். எந்தப் பொருளில் பிறந்தாலும் மூலம் குறைவுபடுவதில்லை.

மோண்ட்ரியனின் ஓவியமோ ஒரே ஒரு பரப்பு. அதன் கட்டங்களை அளந்து வேறிடத்தில் வரைந்தால் கட்டங்கள் கிடைக்கும். அந்த வெண்மைகள் கிடைக்கமாட்டா. ஒன்று விதியாலான கலை, மற்றொன்று பரப்பாலான கலை. முதலாவது எப்பொருளிலும் பிறக்கும். இரண்டாவதின் நகல், மூலத்தைப் பற்றிய குறிப்பு மட்டுமே. வெளித்தோற்றத்தில் இரண்டும் உருவமற்றவையாதலால் இவ்வேறுபாடு கண்ணில் படுவதில்லை.

பொருளற்ற ஓவியம் உண்டா?

இனி, 'உருவம் இல்லை, ஆகவே கேள்வி இல்லை' என்னும் கருத்துக்கு வருவோம். உயிரற்றவற்றை வரையுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் ஓவியர் ஒருவருக்கு வழிகாட்டிய செய்தி ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது. அவ்வகையில் வட்டமும் சதுரமும் வரைவதில் தடையேதும் கூறுவதற்கில்லை. ஆனால் உருவமற்றது என்பதாலேயே ஓர் ஓவியம் எக்கொள்கையையும் சாராதது என்று எண்ணுவது சரியன்று.

மலேவிச்சின் கறுப்புச் சதுரம் 1915 டிசம்பரில் பெத்ரோகிராத் நகரில் காட்சிக்கு வைக்கப்பட்டது. அதனைச் சுவரின் நடுவில் மாட்டாமல், இரு சுவர்கள் கூரையைத் தொடும் மூலையில் உயர்த்தி மாட்டினார். ரஷ்யக் கிறித்தவ இல்லங்களில் புனிதர் படத்துக்கு உரிய இடம் அது. பார்த்தவர்களுக்கு அதன் பொருள் விளங்காமல் இல்லை. மோண்ட்ரியன் 1909இல் தியசாபிகல் சங்கத்தில் உறுப்பினரானவர். 1875இல் நியூயார்க்கில் தோன்றி, 1882இல் தன் தலைமையகத்தை நம் சென்னை அடையாற்றுக்கு மாற்றிக்கொண்ட அதே சங்கம்தான் அது. காந்தின்ஸ்கி 1911இன் இறுதியில் வெளியிட்ட, கலையில் ஆன்மிகத்தைப் பற்றிய தம் நூலில் அச்சங்கத்தைக் குறிப்பிட்டு எழுதியுள்ளார். கண்ணுக்குத் தெரியும் உலகுக்கு அப்பாலுள்ள மெய்யைக் கோட்டாலும் நிறத்தாலும் உணர்த்த முடியும் என்பது இவர்களின் நம்பிக்கை. அந்நம்பிக்கையை ஏற்பதும் மறுப்பதும் வேறு. சோபாவின் நிறத்துக்குப் பொருந்தும் அலங்காரமாக மட்டும் அவர்கள் இவற்றை வரையவில்லை என்பதை அறிந்திருத்தல் வேண்டும்.

இதன் மறுபுறமும் ஒன்றுண்டு. அருவ ஓவியம் முழுவதும் இஸ்லாமியக் கலையிடம் ஐரோப்பியர் கற்றதே என்று பெருமிதத்துடன் கூறுவோர் உளர். காந்தின்ஸ்கி 1904 டிசம்பர் முதல் 1905 ஏப்ரல் வரை துனீசியாவில் தங்கியவர் என்பதும், 1910இல் மியூனிக்கில் நடந்த இஸ்லாமியக் கலைப் பெருங்காட்சியைக் கண்டு வியந்து எழுதினார் என்பதும் உண்மை. சுமார் 3,600 பொருள்கள் வைக்கப்பட்ட அக்காட்சியில் அவர் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தவை பாரசீக நுண்ணோவியங்கள். அவையோ உருவங்கள் நிறைந்தவை. தொடர்பு இருந்தது, ஆனால் நேர் வாரிசுரிமை கோரும் அளவுக்குச் சான்று இல்லை. நம்முடையதல்லாததை நம்முடையது என்று கூறித்தான் நம் கலையின் பெருமையை நிறுவ வேண்டும் என்பதில்லை.

நகலும் நேர்மையும்

காந்தின்ஸ்கியும் மோண்ட்ரியனும் 1944இல் மறைந்தவர்கள். இந்தியச் சட்டப்படி ஓவியர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 70 ஆண்டுகள். ஆகவே 2005 முதல் இந்தியாவிலும் 2015 முதல் ஐரோப்பாவிலும் அவ்வோவியங்கள் பொதுவுடைமையாகிவிட்டன. இத்தகடுகளில் இவ்விருவரின் ஓவியங்கள் மலிந்திருப்பதற்கு இது முக்கியமான காரணம். 1970இல் மறைந்த மார்க் ராத்கோவின் ஓவியங்களுக்கும், 1990இல் மறைந்த நஸ்ரீன் முஹம்மதியின் ஓவியங்களுக்கும் இந்தியாவில் இன்னும் உரிமை உண்டு. வாழும் ஓவியர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

உரிமைக் காலம் முடிந்தபின் யாரும் அச்சிடலாம். ஆனால் பெயர் என்னும் கடன் முடிந்துவிடுவதில்லை. மோஸுல் கைவினைஞர் தம் கூஜாவின் கழுத்தில் பெயரையும் ஊரையும் ஆண்டையும் பொறித்துச் சென்றார். ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்குப் பின்னும் அவரை நாம் பெயர் சொல்லி அழைக்கிறோம். இன்றைய தகடுகள் பலவற்றில் ஓவியரின் பெயர் இல்லை, ஆண்டில்லை, மூலத்தின் அளவில்லை. 'மாடர்ன் ஆர்ட், 3 பீஸ் செட்' என்பது மட்டும் உண்டு. ஒரே ஓவியத்தை மூன்றாக அறுத்து மூன்று தகடுகளாக்குவதும், சோபாவுக்கு ஏற்ப நிறத்தை மாற்றுவதும் வழக்கம். அறிவிப்பாளர் தொடர் அறுந்த செய்தியை ஏற்கத் தயங்கும் மரபில் வந்தவர்கள் நாம். பிறர் படைப்பு நம் கையில் இருக்கும்போது அது அமானிதம். அதனை இன்னாருடையது என்று சொல்வதும், இது நகல் என்று மறைக்காமல் சொல்வதும் அவ்வமானிதத்தைக் காப்பதே.

இல்லத்தில் இடம்

வாங்க விரும்புவோர்க்குச் சில குறிப்புகள் பயன்படலாம். மூல ஓவியத்தில் வெண்மை முதன்மையானதாயின், வெள்ளை அடிப்பூச்சு இடப்பட்டுள்ளதா என்று கேட்டறிக. அவ்வோவியத்துக்கு நல்ல தாளில் அச்சிட்ட படமே ஏற்றது என்பது எம் கருத்து. நட்சத்திரப் பின்னல் போன்ற விதிவழி வடிவங்களுக்கும், உலோக ஒளியைக் கருத்தில் கொண்டே இக்கால ஓவியர் வரைந்த படைப்புகளுக்கும் கோடிட்ட தகடு மிகப் பொருந்தும். நேர் வெயில் படும் சுவர் வேண்டா, சாயம் வெளிறும். அலுமினியம் இரும்பைப்போல் துருப்பிடிக்காதெனினும், கடற்கரை ஊர்களின் உப்புக்காற்று நாளடைவில் அதனையும் அரிக்கும். துடைப்பதற்கு மென்மையான துணி போதும். பாத்திரம் தேய்க்கும் நாரும் பொடியும் பட்டால் புதுக்கீறல்கள் விழும்.

தொழும் இடத்தில் கிப்லாத் திசையில் இதனை மாட்டாதிருத்தல் நன்று. நபி (ஸல்) அவர்கள் வேலைப்பாடு கொண்ட மேலாடை ஒன்றை அணிந்து தொழுதபோது அதன் கோலத்தில் பார்வை சென்றதால், அதனை அபூஜஹ்ம் என்பாரிடம் கொடுத்துவிட்டு அவருடைய எளிய ஆடையைக் கொண்டுவரச் சொன்ன செய்தி புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. அது உருவப் படத்தைப் பற்றிய செய்தி அன்று. வெறும் வேலைப்பாட்டைப் பற்றியது. அசையாத ஆடைக்கோலமே கவனத்தை ஈர்க்குமாயின், தலையசைவுக்கெல்லாம் மின்னும் உலோகத்தைப் பற்றிக் கூற வேண்டியதில்லை. வேலைப்பாடு அழகியது, அதற்குரிய இடமும் நேரமும் உண்டு என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

சுவரில் மாட்டும் ஒன்றைப் பற்றி அறிந்துகொள்ள அரை மணி நேரம் போதும். யார் வரைந்தது, எப்போது, எந்த அளவில், எதன்மேல், எதற்காக என்னும் ஐந்து வினாக்களுக்கு விடை தெரிந்தால், பிள்ளைகள் கேட்கும்போது நம்மால் சொல்ல இயலும். விருந்தினர் கேட்கும்போது 'சும்மா டிசைன்' என்று கூறி நகர வேண்டியிராது. அவ்விடைகளை ஒரு சிறு தாளில் எழுதித் தகட்டின் பின்புறம் ஒட்டிவைப்பது நல்ல வழக்கமாக அமையும். வீடு கைமாறினாலும் தகடு கைமாறினாலும் படைத்தவரின் பெயர் அதனுடன் செல்லும்.